வாக்குச்சீட்டில்லாத பாடசாலை

ஜோன் சப், ரெறி மோ என்னும் இரு அமெரிக்க அரசியல் ஆய்வாளர்கள் 1990இல் ஒரு நூலை வெளியிட்டார்கள். அரசியல், சந்தை, அமெரிக்கப் பாடசாலைகள் என்ற மூன்றையும் தலைப்பிலேயே கொண்ட அந்நூல், கல்வி பற்றிய நூலாகவே பெரிதும் வாசிக்கப்பட்டது. எனது பார்வையில் அது ஜனநாயகத்தின்மீது வைக்கப்பட்ட ஒரு குற்றப்பத்திரிகை. அரச பாடசாலைகளின் சீர்கேட்டுக்குப் பணமின்மையோ ஆசிரியரின் அசட்டையோ அடிப்படைக் காரணமல்ல. தேர்தலால் தெரிவான சபைகளிடம் அவை அகப்பட்டிருப்பதே காரணம் என்பது இவ்விருவரின் வாதம். தேர்தலில் வென்றவர் தம் விருப்பத்தை விதியாக்குவார். விதியைக் காக்க அதிகாரிகள் பெருகுவர். அதிகாரிகள் பெருகப் பாடசாலையின் சுயாதீனம் அருகும். எனவே பாடசாலையை வாக்குப்பெட்டியிலிருந்து பிரித்துப் பெற்றோரின் தெரிவிடம் ஒப்படைக்கவேண்டும். பிடிக்காதவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேறு பாடசாலைக்குப் போகட்டும்.

இவ்வாதத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. 1956இல் சார்ள்ஸ் ரீபூ என்ற பொருளியலாளர், வரி, பாடசாலை, வீதி ஆகியவற்றை ஒப்பிட்டு மக்கள் தமக்கேற்ற ஊருக்குக் குடிபெயர்வர், அந்தக் குடிபெயர்வே அவர்களது விருப்பத்தை அறிவித்துவிடும் என எழுதினார். அதாவது வாக்குச்சீட்டு செய்யும் வேலையை வீட்டுச்சாமான் ஏற்றிய லொறி செய்துவிடும்.

குடிபெயர்வதையே வாழ்க்கையாக்கிக்கொண்ட நாம் இந்த வாதத்தைச் சும்மா விட்டுவிட முடியாது. நான் அதை ஷார்ஜாவின் முவைலாவிலிருந்து வாசிக்கிறேன். சப்பும் மோவும் காகிதத்தில் வரைந்த உலகத்துக்கு மிக அண்மையான ஒன்று இங்கே சீமெந்தும் கண்ணாடியுமாக எழுந்து நிற்கிறது.

1997இல் திறக்கப்பட்ட பல்கலைக்கழக நகரத்தின் அயலில் வளர்ந்த பகுதி முவைலா. இந்தியப் பாடத்திட்டம், பிரித்தானியப் பாடத்திட்டம், அமெரிக்கப் பாடத்திட்டம் என்று தனியார் பாடசாலைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. இங்கு வாழும் பெற்றோரில் பலருக்கு வேலை டுபாயில். வாடகை அங்கே கட்டாது என்பதால் இங்கே இருக்கிறார்கள். பிள்ளையின் பாடசாலை பக்கத்தில் என்பதால் இங்கேயே தங்கிவிடுகிறார்கள். காலையில் மஞ்சள் பஸ்கள் பிள்ளைகளை ஏற்றும் நேரத்தில் பெற்றோரின் கார்கள் டுபாய் நோக்கிய நெரிசலில் நிற்கும். அரச பாடசாலைகள் பிரதானமாகக் குடிமக்களுக்கானவை. வெளிநாட்டவரின் பிள்ளைகளுக்கு நடைமுறையில் தனியார் பாடசாலைதான் வழி. 2018இல் அமைக்கப்பட்ட ஷார்ஜா தனியார் கல்வி அதிகாரசபை இவற்றைப் பரிசோதித்துத் தரப்படுத்துகிறது. ஆக, சந்தை உண்டு, மேற்பார்வை உண்டு, தெரிவு தாராளமாக உண்டு. வாக்கு மட்டும் இல்லை.

வாக்கு அடியோடு இல்லை என்றும் சொல்லக்கூடாது. 40 பேர் கொண்ட கூட்டாட்சித் தேசிய சபையின் பாதி உறுப்பினர்களை 2006 முதல் ஒரு வாக்காளர் குழு தெரிவுசெய்து வருகிறது. ஷார்ஜாவின் ஆலோசனை சபைக்கு 2016இல் முதன்முறையாகத் தேர்தல் நடந்தது; 42 இடங்களில் 21 இடங்கள் வாக்குக்கு விடப்பட்டன. இவை குடிமக்களின் விடயம். நாட்டின் சனத்தொகையில் மிகப் பெரும்பான்மையாயிருக்கும் வெளிநாட்டவருக்கு அதில் இடமில்லை. 'வேலைக்கு வந்த இடத்தில் வாக்கு எதற்கு?' என்று எம்மவரே கேட்பர். அக்கேள்வியை இங்கு நான் விவாதிக்கவில்லை. எனது கேள்வி குறுகியது: வாக்கில்லாத இடத்தில் பெற்றோர் என்பவர் யார்?

ஓர் உதாரணம். 2021 டிசெம்பரில் ஷார்ஜா அரசு, அடுத்த மாதத்திலிருந்து வாரத்தில் நான்கு நாள் வேலை என்று அறிவித்தது. வெள்ளி, சனி, ஞாயிறு விடுமுறை, பாடசாலைகளுக்கும் அப்படியே. டுபாயிலோ வெள்ளிக்கிழமை அரைநாள் வேலை. ஆகவே தாயும் தகப்பனும் டுபாயில் வேலையிலிருக்கும் வெள்ளிக்கிழமைக் காலையில் பிள்ளை முவைலாவில் வீட்டில் இருக்கும். இது கெட்ட முடிவு என்று நான் சொல்லவில்லை. மூன்று நாள் ஓய்வைப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் விரும்பினார்கள், நானும் விரும்புகிறேன். நல்ல முடிவோ கெட்ட முடிவோ, அதில் பெற்றோரின் பங்கு அறிவித்தலை வாசிப்பதும் வெள்ளிக்கிழமைக்கு ஆள் தேடுவதும்தான் என்பதே விடயம்.

கட்டண விடயமும் இவ்வாறே. டுபாயில் கல்விச் செலவுச் சுட்டி ஒன்றைக் கணித்து, கட்டணத்தை எவ்வளவு கூட்டலாம் என்று அதிகாரசபை வரையறுக்கிறது: 2023-24க்கு 3 வீதம், 2024-25க்கு 2.6 வீதம், 2025-26க்கு 2.35 வீதம். பாடசாலைகள் நினைத்தபடி கூட்டுவதிலும் பார்க்க இது எவ்வளவோ மேல். ஆயினும் சூத்திரம் கணக்குப் பார்க்குமே தவிர, யாரிடமும் கேட்காது.

சப், மோ இருவரின் வாதத்துக்கான பதில் அவர்களது நூலுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. 1970இல் அல்பேர்ட் ஹேர்ஷ்மன், ஒரு நிறுவனம் சீரழியும்போது மக்கள் செய்யக்கூடியவை இரண்டு என்றார்: ஒன்று வெளியேறுவது, மற்றது குரல் கொடுப்பது. ஹேர்ஷ்மன் வெளியேறுவதன் விலையை நேரில் அறிந்தவர். 1933இல் பேர்லினை விட்டு ஓடியவர். 1940இல் மார்செய் நகரிலிருந்து அகதிகள் தப்பிச்செல்ல உதவியவர். வெளியேறும் வழி இலகுவாகும்போது குரல் முதலில் சாகும் என்பது அவரது கவனிப்பு. தரத்தில் அதிக அக்கறை உள்ள பெற்றோரே முதலில் போய்விடுவர். கேள்வி கேட்கக்கூடியவர்கள் போனபின் அந்தப் பாடசாலையைத் தட்டிக்கேட்க ஆளிருக்காது.

முவைலாவில் இதை ஆண்டுதோறும் காணலாம். இந்தியப் பாடத்திட்டப் பாடசாலைகளில் ஏப்ரலில் புதிய ஆண்டு தொடங்கும். மார்ச்சில் சில பிள்ளைகள் சத்தமின்றி மறைந்துவிடுவார்கள். ஏன் போனார்கள் என்று பாடசாலையும் கேட்காது, போனவரும் சொல்லமாட்டார். அந்த வெளியேற்றம்கூட இலவசமல்ல. புதிய பாடசாலைக்குப் பதிவுக் கட்டணம், பழைய பாடசாலையின் பாக்கி தீர்த்து எடுக்கும் விலகற் பத்திரம், முன்திகதியிட்டுக் கொடுத்த வாடகைக் காசோலைகள், மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் கட்டிய வைப்புப்பணம். இவற்றுக்கெல்லாம் மேலாக, பெரும்பாலானோரின் வதிவிட அனுமதி வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் பிள்ளையின் வகுப்பும் நடுவில் நிற்கும். 'விரும்பினால் போகலாம்' என்பது சந்தை தரும் சுதந்திரம். முவைலாவில் 'போகலாம்' என்பதும் 'போ' என்பதும் ஒரே வாசலால்தான் வருகின்றன.

அமெரிக்காவில் நடந்ததை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அரச பணத்தில், ஓர் ஒப்பந்தத்தின் பேரில், தேர்தலால் தெரிவாகாத நிர்வாகம் நடத்துவது சாட்டர் பாடசாலை. அதற்கான முதற் சட்டம் 1991இல் மினசோட்டாவில் வந்தது. 2016 நவம்பரில் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில், இத்தகைய பாடசாலைகளின் எண்ணிக்கையை வரம்புக்கு மேல் கூட்டலாமா என்ற கேள்வி வாக்குச்சீட்டிலேயே அச்சிடப்பட்டது. ஏறத்தாழ 62 வீதத்தினர் கூடாது என்றனர். வொஷிங்ரன் மாநிலத்தில் 2012இல் மயிரிழையில் மக்கள் ஆம் என்றார்கள். 2015இல் அம்மாநில உயர்நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதாக்கியது. தெரிவுசெய்யப்பட்ட சபையின் கட்டுப்பாட்டில் இல்லாத பாடசாலையைப் பொதுப் பாடசாலை என அழைத்து அதற்குரிய பணத்தைக் கொடுக்க முடியாது என்பது தீர்ப்பின் அடிப்படை. அடுத்த ஆண்டே சட்டமன்றம் வேறு நிதிவழியைத் தேடி அப்பாடசாலைகளைக் காப்பாற்றியது.

இதில் எந்தத் தரப்பு சரி என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை. வறிய கறுப்பினப் பெற்றோர் பலர் சாட்டர் பாடசாலைகளின் காத்திருப்புப் பட்டியலில் நின்றார்கள். கறுப்பினத்தவரின் மிகப் பழைய உரிமை அமைப்போ 2016இல் அவற்றின் பெருக்கத்தை நிறுத்தக் கோரியது. இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் தோற்றவர் ஊரை விட்டுப் போகவில்லை. மன்றத்துக்குப் போனார், சட்டமன்றத்துக்குப் போனார், அடுத்த தேர்தலுக்குக் காத்திருந்தார். அபுதாபியிலும் 2018 முதல் இதே மாதிரியில், இதே பெயரில், தனியார் நிறுவனங்கள் அரச பாடசாலைகளை நடத்துகின்றன. அங்கே பல ஆண்டுகள் தெருத்தெருவாக வாதிடப்பட்ட ஒன்று இங்கே ஒப்பந்தக் கையெழுத்தோடு முடிந்தது.

அப்படியானால் வளைகுடாவில் வெளிநாட்டவருக்கு வாக்குச்சீட்டே இல்லையா? உண்டு. அது பாடசாலையில்தான் உண்டு என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1950இல் தொடங்கிய பஹ்ரெய்ன் இந்தியப் பாடசாலையின் நிர்வாகக் குழுவைப் பெற்றோரே வாக்களித்துத் தெரிவுசெய்கிறார்கள். ஓமானில் இந்தியப் பாடசாலைகளின் பணிப்பாளர் சபைக்கு 2011இல் முதன்முறையாகத் தேர்தல் நடந்தது. ஷார்ஜாவில் 1979இல் தொடங்கிய இந்தியச் சங்கம் தன் நிர்வாகத்தைத் தேர்தலால் அமைக்கிறது. சங்கத்தின் கையில் பாடசாலையும் இருக்கிறது.

படித்த எம்மவர் இத்தேர்தல்களைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. கேரளத்துக் கட்சிச் சண்டையைக் கப்பலேற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பர். அதில் உண்மை இல்லாமலில்லை. குறைகளும் சிறியவையல்ல. ஷார்ஜாவில் வாக்கு சங்க அங்கத்தவருக்கு. பெற்றோர் என்ற தகுதி மட்டும் போதாது. ஓமானிலோ மஸ்கற்றிலுள்ள ஒரு பாடசாலையின் பெற்றோர் ஐந்து பேரைத் தெரிவுசெய்ய, மற்றவர்கள் நியமனத்தால் வருகிறார்கள்; அச்சபையோ நாடு முழுவதுமுள்ள இந்தியப் பாடசாலைகளை மேற்பார்க்கிறது. இருந்தும், கட்டணத்தைக் கூட்டியவர் மேடையேறிக் காரணம் சொல்லவேண்டிய ஓர் இரவு அங்கே இருக்கிறது. முவைலாவின் கண்ணாடிக் கட்டடங்களில் அந்த இரவு இல்லை. இலங்கைத் தமிழர் நாம் இந்தப் பாடசாலைகளுக்குள் வாடிக்கையாளராக நுழைகிறோம், வாடிக்கையாளராக வெளியேறுகிறோம்.

எனது வாதத்துக்கு எதிராக யாழ்ப்பாணத்தையே ஒருவர் சாட்சிக்கு அழைக்கலாம், அழைக்கவும் வேண்டும். ஊரவர் கையில் இருந்த பாடசாலை எப்படி இருந்தது என்பதை நாம் அறிவோம். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் சம ஆசனம் என்ற உத்தரவு வந்தபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளை வாங்கில் இருப்பதைப் பொறுக்காமல் பாடசாலைகளுக்கு நெருப்பு வைத்த ஊர் அது. 1960-61இல் மிசன் பாடசாலைகளையும் சைவப் பாடசாலைகளையும் அரசு கையேற்றபோது, உரிமை பறிபோனது என்று முகாமையாளர்கள் அழுதார்கள். அப்பாடசாலைகளின் வாசலில் நிறுத்தப்பட்டிருந்தவர்களுக்கோ அது ஒரு கதவு திறந்த சத்தம். ஊர்ப் பெரும்பான்மை கொடுங்கோன்மை செய்யும் என்று சப்பும் மோவும் சொல்வதை நாம் மறுக்க முடியாது.

ஆனால் அந்த முகாமையாளர்களை யார் தெரிவுசெய்தார்கள்? மேல்மட்டத்தார் சிலரின் சபைகள். அங்கே குறைந்திருந்தது ஜனநாயகம்தான். 1931க்கு முன் இலங்கையில் வாக்குரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ 4 வீதத்தினர். சர்வசன வாக்குரிமையை பொன்னம்பலம் இராமநாதன் எதிர்த்தார். அது வந்த 1931இல், முழுச் சுயராச்சியம் கேட்டு யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது; வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. இளைஞர் காங்கிரஸின் இலட்சியத்தை நான் மதிக்கிறேன். சம ஆசனத்துக்காக உழைத்தவர்களும் அவர்களே. ஆயினும் வாழ்க்கையில் முதன்முறையாக வாக்குப் பெற்ற கூலித் தொழிலாளிக்கு, அந்த முதல் வாக்கைப் போட இடமில்லாமற் போனது. பெரும்பான்மையின் கொடுமைக்கு மருந்து வாக்காளர் பட்டியலை அகலிப்பது. பெட்டியைப் பூட்டுவது அல்ல.

இக்கட்டுரையை வாசிக்கும் நண்பர்களில் பெரும்பாலானோர் முவைலாவில் இல்லை. பெட்டி திறந்திருக்கும் நாடுகளில் இருக்கிறார்கள். நோர்வேயில் மூன்று ஆண்டுகள் வாழ்ந்த வெளிநாட்டவர் குடியுரிமை இல்லாமலே உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை 1983இல் பெற்றார்கள். எம்மிலிருந்து ஒரு பெண், கம்சாயினி குணரத்தினம், 2015இல் ஒஸ்லோவின் துணை நகரபிதாவானார். ரொறன்ரோப் பெரும்பாகத்தில் கல்விச் சபைகளுக்குத் தமிழர் தெரிவாகியிருக்கிறார்கள். ஆனால் எமது வீட்டுப் பேச்சு வேறு மாதிரி. எந்தப் பாடசாலைக்கு எத்தனையாவது இடம், அந்த எல்லைக்குள் வீடு என்ன விலை, ஸ்காபரோவிலிருந்து மார்க்கத்துக்கு மாறலாமா, லண்டனில் சட்டனுக்குப் போகலாமா என்பதே பேச்சு. கல்விச் சபைத் தேர்தலில் நிற்பவரின் பெயர் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வாக்குரிமை உள்ள நாட்டில் இருந்துகொண்டு, முவைலாவின் வாழ்க்கையை விரும்பி வாழ்கிறோம்.

அதன் விளைவு வரத் தொடங்கிவிட்டது. 2025 ஜூனில் ஒன்ராரியோ அரசு, நிதிச் சீர்கேட்டைக் காரணம் காட்டி, ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை உட்படச் சில சபைகளைத் தான் நியமித்த மேற்பார்வையாளரின் கையில் ஒப்படைத்தது. தெரிவான உறுப்பினர்களின் அதிகாரம் நிறுத்தப்பட்டது. அச்சபைகள் குறையற்றவை என்று யாரும் வாதிட முடியாது. ஆயினும் எமது பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் படிக்கும் பாடசாலைகளின் மேலிருந்த வாக்கு ஒன்று வலுவிழந்தபோது, வீட்டு விலைபற்றி எழுந்ததில் பத்திலொரு பங்கு சத்தமும் எம்மிடமிருந்து எழவில்லை.

நாட்டை விட்டு வெளியேறியது எமது தெரிவல்ல. வந்த இடத்திலும் வெளியேறுவதை மட்டுமே அரசியலாகக் கொள்வது எமது தெரிவு. ரொறன்ரோவில், லண்டனில், ஒஸ்லோவில் இருப்பவர்களிடம் முவைலாவிலிருந்து ஒருவர் கேட்கக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் பிள்ளையின் பாடசாலையை ஆளும் சபைக்கு அடுத்த தேர்தல் எப்போது என்று அறிந்துகொள்ளுங்கள். வீடு மாறும்முன் ஒருமுறை அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். எங்களுக்கு அப்படி ஒரு கூட்டம் இல்லை.