துடிப்பு என்றொரு பாராட்டு

தலித் எழுத்துக்கு யார் மதிப்புரை எழுதினாலும் ஒரு சொல் வந்து குந்திக்கொள்கிறது: துடிப்பு. 'உயிர்த்துடிப்புள்ள நடை', 'துடிப்பான மக்கள் மொழி'. பாராட்டுத்தானே, இதிலென்ன கோபம் என்று தோழர்கள் கேட்கலாம்.

இந்தச் சொல் ஊரில் எப்படிப் புழங்குகிறது என்று பாருங்கள். ஊர்த்தெருப் பையன் ஓடியாடித் திரிந்தால் 'துடியான பய'. நம்ம சேரிப் பையன் அதையே செய்தால் 'ரொம்பத் துள்ளுறான்'. குனிந்த தலை நிமிராமல் நடவு நடுகிற வரைக்கும் நம்ம பொம்பள 'சுறுசுறுப்பு'. அவளே நிமிர்ந்து கூலியைக் கூட்டிக் கேட்டால் 'வாய்த்துடுக்கு'. அதே உடம்பு, அதே வேகம்தான். அது யாருக்காக ஓடுகிறது என்பதை வைத்துச் சொல்லை மாற்றிப் போடுகிறார்கள். எந்த அகராதியிலும் இந்தப் பொருள் வேறுபாடு கிடையாது. அடிவாங்கி விழுந்து கிடப்பவனும் 'துடிக்கிறான்'தான் என்பது வேறு கதை.

மதிப்புரையிலும் இதே வேலைதான் நடக்கிறது. துடிப்பைக் கொடுத்துவிட்டு வடிவத்தை எடுத்துக்கொள்கிறார்கள். 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' வாழ்க்கையை வருச வரிசையில் சொல்வதில்லை. நடந்ததற்கே திரும்பத் திரும்பப் போய், ஒவ்வொரு தடவையும் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறது. பேச்சுமொழி அங்கே உரையாடலுக்குள் மட்டும் அடைபட்டுக் கிடக்கவில்லை, கதை சொல்லும் மொழியே அதுதான். இது யோசித்து எடுத்த முடிவு, உழைப்பு. துடிப்பு என்று ஒரே சொல்லில் முடித்தால், ஏதோ ரத்தத்தில் ஊறி வந்தது, தானாகப் பீறிட்டது என்றாகிவிடுகிறது. நவீனக் கவிஞருக்கு மட்டும் 'செறிவு', 'நுட்பம்', 'கட்டமைப்பு'!

துடி என்பது இடை சுருங்கிய ஒரு பறையின் பெயரும்கூட. பாலைத் திணைக்குரிய பறை அதுவென்று தமிழ் படித்தவர்கள் மனப்பாடம் செய்திருப்போம். மாங்குடி கிழார் பாடிய புறநானூற்று 335ஆம் பாட்டு, துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைச் சொல்கிறது. துடியன் என்ற பெயர் ஒரு வித்தையின் பெயர். கை சும்மா துடித்தால் தாளம் வந்துவிடாது. பறையைத் தீயில் காய்ச்சிப் பதம் பார்க்கிறவரைக் கேட்டால் சொல்வார்.

பறையடிப்பதை இழிதொழிலாகச் சுமத்தியபோது, இனிச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையை இறக்கி வைத்தவர்களும் நம்மவர்கள்தான். அதற்கு ஊர்த்தெருவில் கிடைத்த பேர் துடிப்பு இல்லை, திமிர்.