ராமேஸ்வரம்: சதுரமா, தண்ணீரா?

கோயிலை நடுவில் வைத்துச் சுற்றிச் சுற்றி வீதி போட்டு வளர்ந்த ஊர் என்று மதுரையைச் சொன்னால் மறுக்க ஆளில்லை. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என வீதிகளே சாட்சி. அதே அளவுகோலைத் தூக்கிவந்து, ராமேஸ்வரமும் மயமதம் என்ற சிற்ப நூல் சொன்னபடி அமைந்த ஊர் என்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. இங்கே கோயில் கிழக்குக் கடலோரம் ஒதுங்கி நிற்கிறது. நான்கு ரத வீதிகளோடு சதுரம் முடிந்துபோகிறது. மிச்ச ஊர் மேற்கே இழுபட்டுக் கிடக்கிறது.

அப்படியானால் திட்டமே இல்லையா? இருக்கிறது, தண்ணீரில். அக்னி தீர்த்தக் கடலில் முழுக்கு, கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள், ஈரத்துணி மாற்றிக்கொண்டு தரிசனம். கிணற்று விளிம்பில் நிற்பவர் கயிற்று வாளியை விட்டு இழுத்த வேகத்திலேயே தலையில் ஊற்றுகிறார். சற்றுமுன் கடலில் கரித்த வாய்க்கு அந்த நீர் அவ்வளவாகக் கரிப்பதில்லை. மணல் தீவில் மழைநீர் உப்புநீரின் மேல் படலமாகத் தங்கும். ஓரிடத்தில் ஆழமாக உறிஞ்சினால் உப்பு ஏறிவிடும். ஆழமில்லாத கிணறும் குளமுமாகப் பரவலாக எடுத்தால்தான் தாக்குப்பிடிக்கும். தீவெங்கும் 64 தீர்த்தங்கள் என்ற மரபுக் கணக்கு இந்த மண்ணுக்குப் பொருந்துகிறது. ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் சத்திரங்களையும் சேர்த்துப் பார்த்தால், கடற்கரை நெடுக நீண்ட யாத்திரைப் பாதைதான் இந்த ஊரின் உண்மையான வரைபடம். 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி முடித்த கோயிலின் மூன்றாம் பிரகாரமே நடப்பவனுக்காகக் கட்டியதுதானே!

குறையும் அங்கேதான். வந்துபோகிறவனுக்குப் போட்ட திட்டம் இது. வலை இழுத்துப் பிழைக்கிறவனுக்கு அதில் கணக்கில்லை. சிற்ப நூல்களோ வருணம் பார்த்து மனை ஒதுக்குபவை. ஆனால் இங்கே கோயிலிலிருந்து பத்து நிமிட நடையில் பள்ளிவாசல் தெரு. சீதா ராம கல்யாண விழாவுக்குத் தம் குடும்பம் படகு ஏற்பாடு செய்ததை அங்கே வளர்ந்த அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். கோயிலுக்கும் பள்ளிவாசல் தெருவுக்குமான அந்த உறவை அருகருகே வாழ்ந்த மக்கள் வளர்த்தார்கள். அதன் பெருமையைச் சாஸ்திரத்துக்குக் கொடுக்க நான் தயாரில்லை.

ஆகவே என் தீர்ப்பு: சதுரத்தைப் புகழ்வதை விடலாம், தீர்த்தத்தை விடக்கூடாது. இன்று மரபின் பேரால் நடப்பது நேர்மாறு. வளைவும் அலங்கார விளக்கும் வருகின்றன, தீர்த்தங்கள் தூர்கின்றன, குடிநீர் காவிரியிலிருந்து குழாயில் வருகிறது. விவேகானந்த கேந்திரம் தீவில் பல தீர்த்தங்களைத் தூர்வாரி மீட்டிருப்பதால், முடியாது என்ற சாக்கும் இல்லை. இனி எந்த நகரத் திட்டம் வந்தாலும் முதல் தாளில் ரத வீதிக்கு முன்பாகத் தீர்த்தங்களின் பட்டியலும் அவற்றுக்கு மழைநீர் வரும் வழியும் இருக்கவேண்டும்.