பால் ஸ்டோருக்கு ஒரு மின்மூக்கு

நெகிரி செம்பிலானில் செம்பனை எவ்வளவு பரவினாலும் ரப்பர்ப் பால்மரம் இன்னும் நிற்கிறது. கட்டிப்பாலாக விற்கிறவர்களுக்கு அமோனியா தொல்லை இல்லை. பாலைத் திரவமாகவே ஆலைக்கு அனுப்பும் தோட்டத்தில் கதை வேறு. மங்குப் பால் வாளியில் சேர்ந்து ஸ்டோருக்கு வந்து, அதில் அமோனியா கலந்ததும் நெடி முகத்தில் அடிக்கும். கிருமி பெருகிப் பால் உறைந்துவிடாமல் காப்பது அந்த அமோனியாதான். முதலில் கண் கரிக்கும், தொண்டை கமறும். பிறகு மூக்குக்குப் பழகிவிடும்.

பழகிய மூக்கை நம்பி வேலை செய்வது ஆபத்து. எட்டு மணி நேர வேலையில் அமோனியாவின் சராசரி அளவு 25 பிபிஎம்மைத் தாண்டக்கூடாது என்கின்றன மலேசியாவின் 2000-ஆம் ஆண்டு விதிமுறைகள். சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் எம்கியூ-135 சென்சார் இதைக் கண்காணிக்கப் போதுமா?

எஃகு வலை மூடிய சிறு உருளை அது. உள்ளே டின் ஆக்சைடு பூச்சு, அதைச் சூடாக்க ஒரு ஹீட்டர். சுத்தமான காற்றில் ஆக்சிஜன் அந்தப் பூச்சின் எலெக்ட்ரான்களைப் பிடித்து வைத்திருக்கும். மின்தடை அதிகமாக இருக்கும். அமோனியா வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்ததும் எலெக்ட்ரான்கள் விடுபடும், மின்தடை இறங்கும், வெளிவரும் வோல்டேஜ் ஏறும்.

சிறு பலகையில் பொருத்தி வரும் சென்சாரை ஆர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டுப் பலகையோடு இணைப்பது சுலபம். 5 வோல்ட், கிரவுண்ட், ஏ0 என மூன்றே கம்பிகள்; 0 முதல் 1023 வரை எண் வரும்.

கைபேசிக்கு எச்சரிக்கை போக வேண்டுமானால் வைஃபை உள்ள இஎஸ்பி32 பலகை வசதி, ஆனால் கவனம் தேவை. அதன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, சென்சாரோ 5 வோல்ட் வரை அனுப்பும். நடுவில் 10, 20 கிலோஓம் ரெசிஸ்டர்களைப் போட்டு வோல்டேஜை மூன்றில் இரண்டாகக் குறைக்க வேண்டும். சிக்னலை 34-ஆம் பின்னில் கொடுப்பது நல்லது; 25, 26, 27-இல் கொடுத்தால் வைஃபை ஓடும்போது அளவு கிடைக்காது. ஹீட்டர் மட்டும் சுமார் 150 மில்லிஆம்பியர் இழுப்பதால் தனி 5 வோல்ட் சப்ளை உத்தமம்.

புதுச் சென்சாரை ஒரு நாளுக்கு மேல் சூடாக விட்டால்தான் எண் நிலைக்கும். அதன் பிறகு அமோனியாக் கரைசலில் நனைத்த பஞ்சை வலையருகே நீட்டினால், சில நொடிகளில் எண் எகிறும். பஞ்சை எடுத்தபின் மெல்லத்தான் இறங்கும்.

குறைகளும் உண்டு. இது அமோனியாவை அறியும் வரம்பு 10 முதல் 300 பிபிஎம். சட்டம் சொல்லும் 25 அதன் கீழ்விளிம்பில் இருக்கிறது. புகை, ஆல்கஹால், பென்சீன் எல்லாவற்றுக்கும் இது அசையும். ஷீட் உலர்த்தும் புகைக்கொட்டகை பக்கத்தில் இருந்தால் விறகுப் புகைக்கே அலறும். மழைநாளின் ஈரமும் எண்ணை மாற்றிவிடும். ஆகவே திரையில் பிபிஎம் என்று எழுதிக் காட்டுவது ஆளை ஏமாற்றும். அமோனியாவுக்கென்றே வந்த எம்கியூ-137 (5 முதல் 500 பிபிஎம்) இந்த வேலைக்கு இன்னும் பொருத்தம். அதையும் தெரிந்த அளவுள்ள வாயுவை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

நெடி திடீரென்று கூடினால் சைரன் அடிக்கும் காவலாளியாக எம்கியூ-135-ஐத் தாராளமாக வாங்கலாம். அளவுகோலாக வாங்கக் கூடாது. தொட்டிக்குள் ஆள் இறங்குமுன் இதை நம்பவே கூடாது; மூடிய இடங்களுக்கான 2010-ஆம் ஆண்டு நடைமுறை விதித்தொகுப்பின்படி, அங்கே தகுதி பெற்ற வாயுப் பரிசோதகர் முறையான கருவியால் சோதிக்க வேண்டும்.

அமோனியா காற்றைவிட இலேசானது. ஆகவே சென்சாரைப் பால் தெறிக்காதபடி, தொட்டிக்கு மேலே தலை உயரத்துக்குச் சற்று மேல் மாட்டி, வாரம் ஒருமுறை பஞ்சை நீட்டிச் சைரன் அடிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.