காற்புள்ளி வழக்கு

லின் றஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட தரிப்புக்குறி நூல், இலக்கணம் பற்றிய நூல் விலைபோகாது என்னும் பொதுக்கருத்தைப் பொய்யாக்கியது. அதன் பெயரே ஒரு வேடிக்கை. பண்டா என்னும் விலங்கு தளிரையும் இலையையும் உண்ணும் என்று சொல்லவேண்டிய ஆங்கிலத் தொடரில் வினையை அடுத்துக் காற்புள்ளி ஒன்று புகுந்துவிட, அவ்விலங்கு உண்டு, சுட்டு, வெளியேறுவதாகப் பொருள் மாறிவிடுகிறது. தமிழில் இவ்விபத்து நேராது. ‘தளிரையும் இலையையும்’ என்புழி இரண்டனுருபும் எண்ணும்மையும் பெயரை வினையாக மயங்க விடா. ஆங்கிலச் சொற்களோ ஒரே வடிவில் நின்று பெயராகவும் வினையாகவும் பயிலுதலின், உருபு செய்யவேண்டிய தொழிலைப் புள்ளி செய்கிறது.

பிழையைச் சிறிதும் பொறுத்தலாகாது என்பது நூலின் துணைத்தலைப்புத் தரும் கொள்கை. உடைமை காட்டும் மேற்குறியைத் தவறவிட்ட கடைப்பலகைகளை ஆசிரியர் சாடும் பகுதிகள் சுவையானவை. எனினும், பிறரைத் தண்டிப்பவர் தம் வாசலைக் காத்தல் வேண்டும். 2004இல் ‘நியூ யோர்க்கர்’ இதழில் லூயி மெனாண்ட் எழுதிய மதிப்புரை, நூலின் காணிக்கையுரையிலேயே முதற்பிழையைக் கண்டது.

தரிப்புக்குறிகளுக்கும் எழுத்துகளுக்குரிய கூலியே வேண்டும் என்று 1905இல் கேட்ட சென் பீற்றர்ஸ்பேர்க் அச்சுத் தொழிலாளரை அவ்வுரை நினைவுகூர்கிறது. (வேலைநிறுத்தம் தொடங்கியது மொஸ்கோவில் என்பதை ஆசிரியர் கவனித்திலர்.) தொழிலாளரைக் குறிக்கும் பெயர்த்தொடருக்கும் அதனை விரிக்கும் வாக்கியத்துக்கும் இடையே காற்புள்ளி இல்லை. இருப்பின், வேலைநிறுத்தஞ் செய்தோர் யாவரும் கேட்டனர் என்றாகும். இல்லாவிடின், அவருள் கேட்டவர் மட்டுமே நினைவுகூரப்படுகின்றனர். முன்னதே ஆசிரியர் கருத்தென மெனாண்ட் கொண்டார். அஃது ஏற்கத்தக்கதே. ஆயினும் இரண்டிலொன்றைத் தீர்மானிப்பது விதியன்று, எழுதுபவரின் கருத்தேயாம். தமிழ்ப் பெயரெச்சம் இவ்விரு பொருளையும் வேறுபடுத்தாது பெயருக்கு முன்னே நிற்கும். தமிழ் மாணவன் ஆங்கிலத்தில் இடறுமிடம் இதுவே. அவனுக்கு றஸ் அம்மையாரின் கடுமை உதவாது, ‘எவரைக் குறிக்கிறாய்?’ என்னும் வினாவே உதவும்.

இதனைப் பண்டிதர் சண்டை என்று தள்ளுவார்க்கு, அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துப் பால்வண்டிச் சாரதியர் வழக்கு விடையாகும். மேலதிகநேரக் கொடுப்பனவுக்கு உரித்தில்லாத தொழில்களை அடுக்கிய சட்டத்தில், அனுப்புதற்குப் பொதிசெய்தல், விநியோகம் என்னும் இறுதி இரண்டுக்கும் இடையே ‘அல்லது’ இருந்தது, காற்புள்ளி இல்லை. விலக்கப்பட்டது பொதிசெய்தலே, விநியோகம் தனித்தொழிலாக எண்ணப்படவில்லை என்று சாரதியர் வாதித்தனர். சட்டம் ஐயத்துக்கிடமானது என்று கண்ட மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் அவர் பக்கம் தீர்த்தது. மறு ஆண்டில் நிறுவனம் 50 இலட்சம் டொலருக்கு இணங்கியது. இதில் நகைப்புக்குரியது ஒன்றுண்டு: அம்மாநிலச் சட்டவரைவுக் கைந்நூல் அவ்விடத்தில் காற்புள்ளி இடவேண்டாம் என்றே விதித்திருந்தது. வரைந்தவர் விதியைப் பிழையறக் காத்தார், பொருளைக் காத்திலர். பின்னர்ச் சட்டமன்றம் அவ்வடுக்கைத் திருத்தியபோது, தொழில்களை அரைப்புள்ளிகளால் பிரித்துவைத்தது.