வெளிப்பாட்டு இலக்கியத்தைப் புனைவாக வாசித்தல்: நான்காம் எஸ்றா நூலை முன்வைத்து

முன்னுரை

பண்டைய யூத, கிறித்தவ மரபுகளில் இறுதிக்காலம் பற்றித் தோன்றிய நூல்களை ஆய்வுலகம் வெளிப்பாட்டு இலக்கியம் என வழங்கும். ஜான் காலின்ஸ் 1979இல் இவ்வகைக்கு வகுத்த வரையறையில் கதைச் சட்டகமும் ஓர் இன்றியமையாக் கூறாகும். எனினும் இந்நூல்களை அணுகுவோர் பெரும்பாலும் இரு வினாக்களையே எழுப்புகின்றனர். இவை முன்னுரைத்தவை நிகழ்ந்தனவா? இவற்றின் கோட்பாடு யாது? புனைவு என்றதும் பொய் எனப் பொருள்கொள்ளும் அச்சமே கதையைக் கதையாக வாசிக்கத் தடையாகிறது எனலாம். அவ்வச்சம் தேவையற்றது என்பதை நான்காம் எஸ்றா நூல்வழிக் காட்ட முனைகிறோம்.

காலமும் வேடமும்

கி.பி. 70இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தனர். அந்நூற்றாண்டின் இறுதியையொட்டிப் பெயர் தெரியாத யூதர் ஒருவர் இந்நூலை இயற்றினார். கதையோ, கி.மு. 586இல் பாபிலோனியர் அந்நகரை அழித்து முப்பது ஆண்டுகள் கழிந்தபின் பாபிலோனில் தொடங்குகிறது. வரலாற்று எஸ்றா அக்காலத்திற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிற்பட்டவர். இதனைப் பிழை என்பதைவிடப் புனைவுத் தேர்வு என்பதே பொருந்தும். தம் காலத்து அழிவை நேரே பேச இயலாத ஆசிரியர், பழைய அழிவைக் கண்ணாடியாக்கிக் கொள்கிறார்.

நான்காம் காட்சி

நூலில் ஏழு காட்சிகள் உள்ளன. முதல் மூன்றில் எஸ்றா ஊரியேல் என்னும் வானதூதரோடு வழக்காடுகிறார். பாபிலோன் சீயோனைவிட நல்லதா என்பது அவர் வினா. நெருப்பை நிறுக்கவும் காற்றை அளக்கவும் கடந்த நாளைத் திருப்பி அழைக்கவும் இயலுமா எனத் தூதர் மறுவினா தொடுக்கிறார். எஸ்றா அமைதியுறவில்லை.

நான்காம் காட்சியில், மகனை இழந்த பெண்ணொருத்தி வயல்வெளியில் புலம்புகிறாள். முப்பது ஆண்டு மலடாயிருந்து பெற்ற மகன், மணவறை புகுந்ததும் இறந்தான். எஸ்றா முதலில் அவளைக் கடிகிறார், பின் தேற்றுகிறார். இறைவனின் தீர்ப்பு நேரியது என ஏற்குமாறு அவளுக்குக் கூறுகிறார். தாம் ஏற்க மறுத்ததையே பிறருக்கு மருந்தாகக் கொடுக்கிறார். அவர் பேசிக்கொண்டிருக்கையிலேயே அவள் முகம் ஒளிர, அவளிருந்த இடத்தில் ஒரு நகரம் தோன்றுகிறது.

ஆசிரியர் கருத்து எஸ்றாவின் கூற்றிலா, ஊரியேலின் கூற்றிலா என ஆய்வாளர் நெடுங்காலம் வாதிட்டனர். மைக்கேல் ஸ்டோன் 1990இல் வெளியிட்ட உரையில் இக்காட்சியை எஸ்றாவின் மனமாற்றமாகக் கண்டார். அதன்வழி நாம் மேலும் ஓர் அடி செல்லலாம். கருத்து எவர் கூற்றிலும் இல்லை. கேட்டவர் தேற்றுபவராகும் திருப்பத்தில் உள்ளது. மூல மொழிவடிவம் அழிந்து, இலத்தீன், சிரியாக்கு முதலிய மொழிபெயர்ப்புகளே எஞ்சியுள்ள நூலில், சொல்நயத்தைவிட இத்தகைய கதையமைப்பே உறுதியான சான்றாகும்.

குறையும் எல்லையும்

ஐந்தாம் காட்சியில் நூல் தளர்கிறது. பன்னிரு சிறகும் முத்தலையும் கொண்ட கழுகு உரோமப் பேரரசைக் குறிக்கிறது. மூன்று தலைகள் வெஸ்பாசியன், தீத்து, தொமீசியன் ஆகிய பேரரசர்கள் என்பர். நூல் முன்னுரைத்த முடிவு உரோமுக்கு நேரவில்லை. இன்று இக்காட்சியை உரையின்றி வாசிப்பது அரிது. புலம்பும் பெண்ணுக்கோ உரை வேண்டுவதில்லை.

புனைவு என்பதை உணராது கைக்கொள்ளப்படும் புனைவு தொன்மமாகத் தாழும் என 1967இல் ஃபிராங்க் கெர்மோடு எச்சரித்தார். கழுகுக் காட்சிக்கு இக்கருத்து பொருந்தும். எனினும் முதல் வாசகர் இந்நூலை நம்பிக்கையோடு ஏற்றனர் என்பதை நாம் மறக்கலாகாது. புனைவாக வாசித்தல் அந்நம்பிக்கையைப் பழிப்பதன்று. அது எத்துயரிலிருந்து எழுந்தது எனக் காண்பதாகும்.

நிறைவுரை

முன்னறிவிப்பு பொய்த்தபின்னும் எஞ்சுவது எதுவோ அதுவே இலக்கியம். ஆகவே இந்நூல்களைப் பயிற்றுவோர், நிகழ்ந்ததா என்னும் வினாவோடு நின்றுவிடாது, யார் யாரிடம் எந்த இழப்பின்பின் பேசுகிறார், பேசுகையில் என்ன மாறுகிறார் என்றும் வினவுதல் வேண்டும். எஸ்றாவின் வழக்கிற்கு இறுதிவரை முழுமையான விடை கிட்டவில்லை. அவ்விடையின்மையை மறைக்காமல் விட்டதே இந்நூலின் நேர்மை எனக் கருதுகிறோம்.