இஸ்ஸா, வாஸா? ஒரு கிராமர் விதியும் ஜான் எல்க்கின் ஓட்டும்

அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது இங்கிலீஷ் கிராமர் பயிற்சி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். ‘த கேட் பெயின்டட் க்ரீன் பிலாங்ஸ் டு மை அங்கிள்.’ பச்சை பெயின்ட் அடித்த கேட் மாமாவுடையது. நடுவில் இருக்கிற ‘பெயின்டட் க்ரீன்’ ஒரு பாஸ்ட் பார்ட்டிசிபிள் தொடர். அதை விரித்து எழுதச் சொல்லியிருந்தார்கள். புத்தகம் தரும் விதி இது: பெயர்ச்சொல்லுக்கும் பார்ட்டிசிபிளுக்கும் நடுவே ஒரு ‘ஹூ’ அல்லது ‘விச்’, கூடவே ஒரு ‘இஸ்’ அல்லது ‘வாஸ்’ மறைந்திருக்கிறது, அதை வெளியே எடுத்துப் போட்டால் போதும்.

“மாமா, ‘விச் இஸ் பெயின்டட்’டா, ‘விச் வாஸ் பெயின்டட்’டா?”

“ரெண்டுமே வரும்” என்றேன்.

“அப்ப எது மறைஞ்சிருக்கு?”

பதில் வரவில்லை. விடைப் பக்கத்தில் ‘வாஸ்’ என்று போட்டிருந்தது, அவ்வளவுதான். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ‘மறைந்திருக்கிறது’ என்கிற விளக்கம் தப்பு. மறைந்திருக்கிற பொருள் என்றால் தேடினால் கிடைக்க வேண்டும், கிடைப்பது ஒன்றாகவும் இருக்க வேண்டும். பச்சை கேட்டில் கிடைப்பது இரண்டு. பெயின்ட் அடித்த செயலை நினைத்தால் ‘வாஸ்’, கேட் இப்போது இருக்கிற நிலையை நினைத்தால் ‘இஸ்’. ஆங்கில வாக்கியம் இரண்டில் எதையும் சொல்லவில்லை. நாம்தான் போட்டுக்கொள்கிறோம்.

பெயரே முதல் குழப்பம். ‘பாஸ்ட்’ என்று பெயர் வைத்ததால் இறந்தகாலம் என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். மே மாதம் ஒட்டிய ஒரு நோட்டீஸில் ‘அப்ளிகேஷன்ஸ் ரிசீவ்டு ஆஃப்டர் ஜூன் 10 வில் பி ரிஜெக்டட்’ என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விண்ணப்பம்கூட இன்னும் வரவில்லை. எல்லாமே வரப்போகிறவை. இதில் ‘வாஸ்’, ‘வேர்’ எதைச் செருகினாலும் நோட்டீஸ் பைத்தியக்காரத்தனமாகிவிடும். தமிழில் நாம் ‘ஜூன் 10க்குப் பிறகு வரும் விண்ணப்பங்கள்’ என்று எதிர்காலப் பெயரெச்சம்தான் போடுவோம்.

நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. ஊறுகாய் நம் வீட்டில்தானே இருக்கிறது! ஊறிய காயா, ஊறுகின்ற காயா, ஊறும் காயா? காலம் வெளியே தெரியாத பெயரெச்சம், அதுதான் வினைத்தொகை என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தோம். ஜாடியைத் திறக்கும்போது யாரும் எந்தக் காலம் என்று கேட்பதில்லை. ஆங்கிலத்தின் இந்தப் பார்ட்டிசிபிள் தொடரும் காலத்தைப் பொறுத்தவரை வினைத்தொகையின் தூரத்துச் சொந்தம்தான். வித்தியாசம், அது பெயருக்குப் பின்னால் நிற்கும், எவ்வளவு நீளமாகவும் போகும்.

ஆங்கில இலக்கணக்காரர்களும் இதைக் கவனிக்காமல் இல்லை. ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002இல் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் இலக்கணம், இந்தத் தொடர்களை ‘ஹூ’, ‘விச்’ வாக்கியங்களின் சுருக்கமாக எடுத்துக்கொள்ள மறுக்கிறது. பொருள் ஒத்துப்போகிறது, ஆனால் இவற்றுக்குள் ‘ஹூ’வோ ‘விச்’சோ வருவதற்கு இடமே இல்லை என்பது அவர்கள் வாதம். (இத்தனை சொல்லிவிட்டு ‘பாஸ்ட் பார்ட்டிசிபிள்’ என்ற பழைய பெயரை மட்டும் அவர்களும் விடவில்லை!)

நம் ஆட்கள் அடிக்கடி சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. ‘நேற்று வந்த பையன்’ என்பதை அப்படியே ‘த பாய் கேம் யெஸ்டர்டே இஸ் மை பிரதர்’ என்று எழுதிவிடுவது. தமிழ்ப் பெயரெச்சத்துக்குச் செய்வினை, செயப்பாட்டுவினை இரண்டும் ஒன்றுதான்: ‘எழுதிய பையன்’, ‘எழுதிய கடிதம்’. ஆங்கிலத் தொடர் பெரும்பாலும் செயப்பாட்டுவினைக்கு மட்டும்தான் கதவைத் திறக்கும். வந்த பையனுக்கு ‘ஹூ’ கட்டாயம். இன்னொன்று, ‘த பாய் சென்ட் த லெட்டர் ஸ்மைல்டு’ என்று எழுதினால் பையன் கடிதம் அனுப்பினான் என்று பாதி தூரம் படித்துவிட்டு, கடைசிச் சொல்லில் முட்டிக்கொண்டு திரும்பி வருவோம். கடிதம் அவனுக்கு வந்திருக்கிறது. ‘சென்ட்’டுக்கு இரண்டு வடிவமும் ஒன்றாக இருப்பதால் வரும் வினை. ‘ஷோன்’ போட்டிருந்தால் முட்டியிருக்காது. தாமஸ் பீவர் 1970இல் இதே மாதிரி ஒரு குதிரை வாக்கியத்தை வைத்து எழுதியது மொழி உளவியலில் இன்றுவரை பேசப்படுகிறது. அதோடு அதை விடுகிறேன். என் விஷயம் காலம்.

ஊறுகாய்க்குக் காலம் தெரியாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. சட்டத்தில் அப்படி இல்லை.

அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆம் திருத்தம் 1868இல் நிறைவேறியது. அதன் முதல் வாக்கியத்தின் எழுவாய் இது: ‘ஆல் பெர்சன்ஸ் பார்ன் ஆர் நேச்சுரலைஸ்டு இன் த யுனைட்டட் ஸ்டேட்ஸ், அண்ட் சப்ஜெக்ட் டு த ஜூரிஸ்டிக்‌ஷன் தேராஃப்’. இவர்கள் எல்லாரும் குடிமக்கள் என்று வாக்கியம் முடியும். ‘பார்ன்’, ‘நேச்சுரலைஸ்டு’ இரண்டும் பாஸ்ட் பார்ட்டிசிபிள். ‘சப்ஜெக்ட்’ பெயரடை, ஆனால் அதே சட்டத்தில் மாட்டிய படம்தான். அதற்கும் ‘ஆர்’, ‘வேர்’ எதுவும் கிடையாது. நம் புத்தக விதிப்படி விரித்துப் பார்ப்போம். அமெரிக்காவில் பிறந்து, அதன் அதிகாரத்துக்கு உட்பட்டு *இருக்கிறவர்களா*, *இருந்தவர்களா*? எப்போது இருந்தவர்கள்?

ஜான் எல்க் என்பவருக்கு இந்தக் கேள்வியின் விலை ஓட்டுரிமை. பழங்குடி ஒன்றில் பிறந்தவர். பிறகு அந்தக் குழுவோடு உறவை முறித்துக்கொண்டு நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத்துக்கு வந்து குடியேறினார். 1880 ஏப்ரலில் வாக்காளராகப் பதியப் போனார். பதிவாளர் வில்கின்ஸ் சேர்க்க மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1884இல் தீர்ப்பு வந்தது. எல்க் தரப்பு சொன்னதைச் சுருக்கினால்: நான் இந்த மண்ணில் பிறந்தவன், இப்போது இந்த நாட்டின் அதிகாரத்துக்கு முழுசாக உட்பட்டு இருக்கிறேன், இரண்டும் பொருந்துகிறதே. நீதிபதி ஹொரேஸ் கிரே பெரும்பான்மைக்காக எழுதியது: பிறப்பால் குடிமகன் என்று சொல்கிறவருக்கு ‘சப்ஜெக்ட்’ என்ற சொல் பிறந்த நேரத்தைக் குறிக்கும், குடியுரிமை வாங்கியவருக்கு வாங்கிய நேரத்தை. எல்க் பிறந்தபோது அவர் தன் குழுவுக்கு உட்பட்டவர். பின்னால் மாறியது கணக்கில் வராது.

வாக்கியத்தில் இல்லாத காலத்தை நீதிமன்றம் போட்டுக்கொடுத்தது. கிரே செருகியது ‘வேர்’. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ஹார்லனோ பின்னால் உட்பட்டாலும் போதும் என்கிற வழியில் போனார். அது கிட்டத்தட்ட ‘ஆர்’. ஒரே எழுவாயை இரண்டு பேர் இரண்டு விதமாக விரித்திருக்கிறார்கள்.

இலக்கணம்தான் எல்க்கைத் தோற்கடித்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். பழங்குடிக் குழுக்களைத் தனி அரசுகள் மாதிரி பார்த்த பழைய சட்டப் பார்வை அந்தத் தீர்ப்பில் கனமாக இருக்கிறது. வெள்ளைக்கார நீதிமன்றம் வேறு வாக்கியம் இருந்திருந்தாலும் வேறு வழி கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் காலம் குறிப்பிடாத தொடர் கதவைத் திறந்து வைத்திருந்தது என்பதும் உண்மை.

தமிழில் இது நடக்காது என்று மார்தட்டவும் முடியவில்லை. ‘அதிகாரத்துக்கு உட்பட்ட’ என்று மொழிபெயர்த்துவிட்டு நைசாகத் தப்பிக்கலாம். உடைந்த கை, பழுத்த பழம் மாதிரி, வடிவம் இறந்தகாலம், சொல்வது நிலை. ‘உட்பட்டிருந்த’, ‘உட்பட்டிருக்கிற’ என்று எழுத முயன்றால்தான் மொழிபெயர்ப்பாளருக்கு வியர்க்கும், வழக்கும் தெரியும்.

அடுத்தது, செய்பவர். அமெரிக்க அரசியலமைப்பின் 1787ஆம் ஆண்டு மூல வாசகத்திலும், மறுபடி 14ஆம் திருத்தத்தின் இரண்டாம் பிரிவிலும், மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்காதவர்களாக ஒரு கூட்டம் வருகிறது: ‘இந்தியன்ஸ் நாட் டாக்ஸ்டு’. வரி விதிக்கப்படாத பழங்குடியினர். யார் விதிக்காத வரி? மாநிலமா, மத்திய அரசா? விதிக்க முடியாதவர்களா, விதிக்க முடிந்தும் விதிக்காமல் விட்டவர்களா? மூன்று சொல்லில் எதுவும் இல்லை. இந்த இடத்தில் செயப்பாட்டுவினை ஆளை மறைப்பதோடு நிற்கவில்லை. ஒரு அரசு தான் செய்யாமல் விட்ட காரியத்தை எதிராளியின் குணம் மாதிரி அவர் பெயருக்குப் பின்னால் ஒட்டிவிட்டது. எல்க் வழக்கிலும் அவருக்கு வரி விதிக்கப்பட்டதாக மனுவில் சொல்லவில்லை என்று பெரும்பான்மை சுட்டிக்காட்டியது!

1924இல் பழங்குடியினருக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்தது. அதிலும் அதே தொடர்: அமெரிக்க எல்லைக்குள் ‘பார்ன்’ ஆன, குடியுரிமை இல்லாத பழங்குடியினர் அனைவரும் இதன்மூலம் குடிமக்கள். 1924 வரை பிறந்தவர்களா, இனிப் பிறப்பவர்களுமா? அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு எப்படியும் வாதிடலாம். 1940ஆம் ஆண்டின் தேசியச் சட்டம், பழங்குடி உறுப்பினருக்கு அமெரிக்காவில் பிறக்கும் பிள்ளையைப் பிறப்பிலேயே குடிமகன் என்று தனியாக ஒரு வரி எழுதியது.

‘பார்ன்’ என்ற சொல்லையே இன்னும் கொஞ்சம் நேரம் பார்க்கலாம். நமக்குப் ‘பிறந்த’ என்பது தன்வினை, பிள்ளை தானே பிறக்கிறது. பெறுவதற்குத் தனிச்சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘பார்ன்’ வரலாற்றில் ‘பேர்’ என்கிற வினையின் பார்ட்டிசிபிள்: சுமக்கப்பட்ட, பெறப்பட்ட. சுமந்தது யார்? அம்மா. செயப்பாட்டு வடிவத்தில் முதலில் காணாமல் போகிற ஆள் அவள்தான். 14ஆம் திருத்தத்தின் வாக்கியத்தில் பிள்ளை உண்டு, மண் உண்டு, அதிகாரம் உண்டு, அம்மாவும் அப்பாவும் கிடையாது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க்கை 1895இல் ஊருக்குள் விடாமல் நிறுத்தியபோது, 1898இல் 6க்கு 2 என்ற கணக்கில் அவர் குடிமகன்தான் என்று தீர்ப்பானது. எழுதியவர் அதே கிரே.

2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட உத்தரவு, ‘சப்ஜெக்ட்’ என்கிற அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு, தாய் சட்டபூர்வமாக இருந்தாரா, தற்காலிக விசாவில் இருந்தாரா, தந்தை யார் என்று கேட்கிறது. வாக்கியம் விட்டுவிட்ட ஆளை வாக்கியத்துக்குள் திரும்ப இழுக்கிற முயற்சி. கீழ் நீதிமன்றங்கள் தடுத்தன, சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. எனக்கு இதில் ஒரு பக்கம் உண்டு: எழுதியவர்கள் எழுவாயில் பெற்றோரை வைக்கவில்லை என்றால், படிக்கிறவர் வைக்கக் கூடாது. காலம் விஷயத்தில் இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஏனென்றால் காலத்தை யாராவது போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தீர்ப்பு எழுத முடியாது.

இதையெல்லாம் சுருக்கி அக்கா மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ரெண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. “சரி மாமா, பரீட்சையில என்ன எழுதறது?”

‘வாஸ்’ எழுதச் சொல்லிவிட்டேன். திருத்துகிறவர் கையிலும் அந்தப் புத்தகம்தானே இருக்கும்.