லூக்கா எழுதாத சத்திரக்காரன்

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் சத்திரக்காரன் என்று ஒருவனும் இல்லை. ஆயினும், ஆண்டுதோறும் நம் திருச்சபைகளின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவன் தவறாமல் தோன்றுகிறான். விளக்கை உயர்த்திப் பார்த்து, இடமில்லையென்று கதவை அடைக்கிறான். பண்டிகை ஆராதனையிலோ அவனே நம் இருதயத்துக்கு உவமையாகிறான். அவனைப் பிரசங்கபீடத்தில் ஏற்றியவர்கள் நாமேயன்றி லூக்கா அல்லர்.

2:7இல் நமது பழைய திருப்புதல் 'சத்திரம்' எனத் தரும் கிரேக்கச் சொல் 'கதாலுமா'. ஆண்டவர் சீஷரோடு பஸ்காவைப் புசிக்கும் அறையைக் குறிக்க 22:11இல் வருவதும் அதுவே. அங்கே எவரும் சத்திரம் என்று பொருள் கொள்வதில்லை. வழிப்போக்கர் பணம் கொடுத்துத் தங்கும் விடுதியைச் சொல்லவேண்டிய நல்ல சமாரியன் உவமையிலோ லூக்கா 'பந்தோகேயோன்' என்னும் வேறு சொல்லைக் கையாளுகிறார். அங்கே சத்திரத்தானும் உண்டு, அவனுக்குக் கூலியும் உண்டு.

மத்திய கிழக்கில் நெடுங்காலம் ஊழியஞ்செய்த கென்னத் பெய்லி, 1979இல் எழுதிய கட்டுரையில், விருந்தினர் அறை நிறைந்திருந்தபடியால் குழந்தை வீட்டாரின் பொது அறையிலேயே பிறந்தது என்றார். பாலஸ்தீனக் கிராம வீட்டில் இரவில் ஆடுமாடுகளும் ஒரே கூரையின்கீழ்க் கட்டப்படும். முன்னணை அங்கேயே இருக்கும். இவ்விளக்கம் வசனத்துக்கு நன்கு பொருந்துகிறது. ஆனால் அவர் தீட்டும் அன்பான குடும்பத்தையும் லூக்கா சொல்லவில்லை. மேலும், கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் யாத்திராகமம் 4:24இல் மோசே வழியில் தங்கிய இடத்துக்கும் இதே சொல் வருகிறது. ஆகவே, ஸ்டீபன் கார்ல்சன் 2010இல் வாதிட்டதுபோல், 'தங்குமிடம்' என்று பொதுவாகக் கொள்வதே உத்தமம். ஒரு கற்பனையை அகற்றி மற்றொன்றை அமர்த்துவது வியாக்கியானமாகாது.

வந்துசேர்ந்த இரவிலேயே பிரசவம் நேர்ந்தது என்பதும் வசனத்தில் இல்லை. அவர்கள் அவ்விடத்தில் இருக்கையில் நாட்கள் நிறைவேறின என்பதே 2:6இன் கருத்து. வழியிலேயே வேதனை கண்டதாகவும் குகையில் பிறந்ததாகவும் கூறுவது, இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த யாக்கோபின் முதல் நற்செய்தி என்னும் தள்ளுபடி நூல். (முன்னணை என்றால் தொழுவம் என்றே நம் சபையார் பலர் எண்ணுகின்றனர், அது தீவனத்தொட்டி என்பதையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.)

இதெல்லாம் வெறும் சொல்லாராய்ச்சியன்று. பெத்லகேமே கதவடைத்தது என்று பிரசங்கிக்கும்போது, வசனம் சுமத்தாத பழியை ஒரு யூத ஊரின்மேல் சுமத்துகிறோம். யூதருக்கு விரோதமாகத் திருச்சபை பேசியவற்றின் பலனைச் சரித்திரத்தில் கண்ட பின்பும் இதில் அசட்டையாயிருக்கலாகாது. புறக்கணிப்பு லூக்காவில் இல்லாமலில்லை: சிமியோன் அதை முன்னறிவிக்கிறான், நாசரேத்தில் ஆண்டவரின் சொந்த ஊராரே, அவரை வளர்த்து, அவர் பிரசங்கத்தையும் கேட்டவர்களே, அவரை மலைச்சிகரத்திலிருந்து தள்ளிவிடக் கொண்டுபோகின்றனர். அந்தக் குற்றச்சாட்டு ஆலயத்துக்குள் அமர்ந்திருக்கும் நம்மை நெருங்குகிறது. முகமறியாத சத்திரக்காரனைக் கடிந்துகொள்வது நமக்கு எளிது.

சென்ற ஆண்டு எம் மாணவர்களிடம் அந்த வேடத்தை நீக்கிவிடச் சொன்னேன். நாடகம் குறுகிவிடுமே என்றார்கள். மேய்ப்பர் காட்சியை நீட்டுங்கள் என்றேன். பிறப்புக்கு ஒரே வசனம் தரும் லூக்கா, மேய்ப்பருக்கு 13 வசனங்கள் தந்திருக்கிறார்.